மாலை விழும் நாளும் மற்ற நாட்களும்: கரிசல் நினைவிடங்களில் ஊர் கூடுவது பற்றி

கோவில்பட்டி பஸ் நிலையத்திலிருந்து எந்தத் திசையில் புறப்பட்டாலும் ஒன்றரை மணி நேரத்துக்குள் ஏதாவதொரு நினைவிடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். கிழக்கே எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீடும் அவருக்கான மணிமண்டபமும் இருக்கின்றன. உமறுப் புலவருக்கும் முத்துசுவாமி தீட்சிதருக்கும் அதே ஊரில் நினைவிடங்கள் உண்டு. தெற்கே கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட இடம். தென்கிழக்கே ஓட்டப்பிடாரத்தில் வ.உ.சி. பிறந்த இல்லம், அதையும் தாண்டினால் பாஞ்சாலங்குறிச்சியில் 1974-இல் எழுப்பிய நினைவுக் கோட்டை. மேற்கே கழுகுமலையில் வெட்டுவான் கோவிலும் சமணச் சிற்பங்களும். சாத்தூர்ப் பக்கம் போனால் வெம்பக்கோட்டை அகழாய்வு மேடு. ஊருக்குள்ளேயே எழுத்தாளர் கி. ராஜநாராயணனுக்கு (கி.ரா.) ஒரு நினைவரங்கம், 2022 டிசம்பரில் திறந்தது.

ஒரு வறண்ட வட்டாரத்துக்கு இது பெரிய சொத்து. இந்த இடங்களில் ஊர் மக்கள் எப்போது கூடுகிறார்கள், எதற்காகக் கூடுகிறார்கள், கூடிக் கலைந்த பிறகு அங்கே எது மிஞ்சுகிறது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. வரலாற்றைக் காத்து வைக்கும் ஓர் இடம் எத்தனை பேரை உள்ளே வரவைத்தது என்ற கணக்கைவிட, வந்தவர்களிடமிருந்து எதைக் கேட்டு வாங்கி வைத்தது என்ற கணக்கு முக்கியமானது என்று நினைக்கிறேன். அந்தக் கணக்கில் நம் நினைவிடங்கள் பின்தங்கியே இருக்கின்றன. காரணம் மக்களிடம் ஆர்வம் இல்லாதது என்று சிலர் சொல்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. இந்த வட்டாரத்தின் சென்ற நூற்றாண்டைப் புரட்டினால், நினைவைக் காக்கும் வேலையை இங்கே முதலில் எடுத்துச் செய்தவர்கள் மக்கள்தான். அரசு பின்னால் வந்தது.

கயத்தாற்றை எடுத்துக்கொள்வோம். 1799 அக்டோபர் 16-ஆம் தேதி கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட இடத்தில் நெடுங்காலம் எந்தக் கட்டுமானமும் கிடையாது. அந்த வழியாகப் போனவர்கள் ஆளுக்கொரு கல்லைப் போட்டுவிட்டுப் போனார்கள் என்றும், அது குவியலாக வளர்ந்தது என்றும் இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். பெயர் எழுதாத, சாதி கேட்காத, தேதி பார்க்காத மரியாதை அது. 1970-இல் சிவாஜி கணேசன் தம் செலவில் அங்கே சிலை நிறுவினார். அரசின் மணிமண்டபம் அதற்கும் வெகுகாலத்துக்குப் பிறகு வந்தது.

எட்டயபுரத்து பாரதி மண்டபமும் அப்படித்தான். ‘கல்கி’ தம் பத்திரிகையில் விடுத்த வேண்டுகோளுக்குத் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் ஊர் ஊராகப் பணம் அனுப்பினார்கள். 1945-இல் ராஜாஜி அடிக்கல் நாட்டினார். 1947 அக்டோபரில், நாடு விடுதலை பெற்ற இரண்டே மாதத்தில், மண்டபம் திறந்தது. அந்தத் திறப்பு விழாவே இந்த வட்டாரம் கண்ட பெரிய வரலாற்றுக் கூடுகை. கூடியவர்களில் பலர் அந்தக் கட்டடத்துக்குக் காசு கொடுத்தவர்கள். தம் பணம் போன இடத்தைப் பார்க்க வருகிறவனும் வேறொருவர் கட்டியதை வேடிக்கை பார்க்க வருகிறவனும் ஒரே மாதிரி உள்ளே நுழைவதில்லை.

கட்டடமே இல்லாமல் நடந்த சேகரிப்பும் உண்டு. பாளையங்கோட்டையில் இருந்த நா. வானமாமலை நாட்டார் பாடல்களைத் தொகுத்தபோது, தங்கம்மாள்புரத்து எஸ்.எஸ். போத்தையா போன்றவர்கள் விளாத்திகுளம் பக்கத்துக் காடு கரைகளில் நடந்து, களையெடுக்கும் பெண்களிடமும் கமலை இறைக்கும் ஆண்களிடமும் பாட்டுகளைக் கேட்டு எழுதிக் கொடுத்தார்கள். ‘தமிழர் நாட்டுப் பாடல்கள்’ தொகுப்பு 1964-இல் வந்தது அந்த உழைப்பால். கி.ரா.வின் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி 1982-இல் வெளிவந்ததும் அதே வழியில்தான். ஒரு பல்கலைக்கழகத் துறை செய்ய வேண்டிய வேலையை இடைசெவல் சம்சாரி ஒருவர் நண்பர்களைக் கூட்டிவைத்துச் செய்து முடித்தார். கோவில்பட்டி காந்தி மைதானத்தில் இராத்திரி வெகுநேரம் வரை உட்கார்ந்து பேசிய இளைஞர்களிலிருந்து ஒரு தலைமுறை எழுத்தாளர்கள் வந்தார்கள். அருங்காட்சியகம் என்ற பலகை எங்கும் இல்லை. அருங்காட்சியகம் செய்ய வேண்டிய வேலை நடந்துகொண்டிருந்தது.

பிறகு கட்டடங்கள் வந்தன. அரசு பொறுப்பேற்றது. சுவர் விழாமல் பார்த்துக்கொண்டது, வெள்ளையடித்தது, காவலாளி போட்டது. இந்த நன்மையைக் குறைத்துச் சொல்லக் கூடாது, தனியார் கையில் விட்ட எத்தனையோ பழைய கட்டடங்கள் இந்த வட்டாரத்தில் இடிந்துபோயின. ஆனால் மணிமண்டபங்களையும் நினைவில்லங்களையும் தமிழ்நாட்டில் பராமரிப்பது பெரும்பாலும் செய்தி மக்கள் தொடர்புத் துறை. அருங்காட்சியகங்கள் துறை வேறு, தொல்லியல் துறை வேறு. செய்தித் துறையின் இயல்பான வேலை அரசு விழா நடத்துவதும் அதைப் பத்திரிகைக்குச் சொல்வதும். ஆகவே மணிமண்டபத்தின் ஆண்டு நிகழ்ச்சி என்றால் பிறந்த நாளில் ஆட்சியரோ அமைச்சரோ மாலை அணிவிப்பது, கட்சிகளும் அமைப்புகளும் வரிசையாக வந்து மாலை அணிவிப்பது, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பேச்சுப்போட்டி, பரிசு. மதியத்துக்குள் முடிந்துவிடும்.

பேச்சுப்போட்டியை நான் ஒதுக்கவில்லை. பாரதி வீட்டு முற்றத்தில் முதன்முதலாக மைக் முன்னால் நின்ற பிள்ளை அதை ஆயுளுக்கும் மறக்காது. ஆனால் அந்தப் பிள்ளையை அழைத்துவந்த பாட்டிக்கு அந்த நிகழ்ச்சியில் இடம் இல்லை. அவளுக்குத் தெரிந்ததை யாரும் கேட்பதில்லை.

கூட்டம் ஏன் வருவதில்லை என்பதற்கு ஒரு விடை நாட்காட்டியிலேயே இருக்கிறது. வட்டாரத்தின் மாலை நாட்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். செப்டம்பர் 5 வ.உ.சி. பிறந்த நாள். செப்டம்பர் 11 பாரதி நினைவு நாள், 2021 முதல் மகாகவி நாள். செப்டம்பர் 16 கி.ரா. பிறந்த நாள், 23 எழுத்தாளர் கு. அழகிரிசாமி பிறந்த நாள். இருவரும் 1923-இல், ஒரே ஊரில், ஒரு வார இடைவெளியில் பிறந்தவர்கள். அக்டோபர் 16 கட்டபொம்மன் நினைவு நாள். டிசம்பர் 11 பாரதி பிறந்த நாள். கட்டபொம்மன் பிறந்த ஜனவரி 3-ஐயும் சேர்த்துக்கொண்டால் எல்லாம் ஆவணிக் கடைசிக்கும் மார்கழிக்கும் நடுவில் விழுகின்றன.

கரிசல்காட்டுச் சம்சாரிக்குத் தலை தூக்க நேரமில்லாத மாதங்கள் அவை. இந்த மண்ணுக்கு ஆண்டு முழுவதும் பெய்வது 700 மில்லிமீட்டர் அளவில்தான், அதிலும் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில். புரட்டாசியில் மானம் பார்த்து விதைக்க வேண்டும். ஐப்பசி மழையில் முளைத்ததைக் கார்த்திகையில் களையெடுத்துக் காக்க வேண்டும். உளுந்து, பாசி, கம்பு, சோளம், பருத்தி, மல்லி, மிளகாய் எதுவானாலும் அந்த நாட்களில் காட்டை விட்டு வந்தால் அந்த ஆண்டு போச்சு. தை, மாசியில் அறுவடை. பங்குனிக்கு மேல் காடு வெறிச்சென்று கிடக்கும், ஆட்கள் ஊரில் இருப்பார்கள். கோவில் கொடைகளும் திருவிழாக்களும் கல்யாணங்களும் பெரும்பாலும் பங்குனியிலிருந்து வைகாசி வரை நடப்பது அதனால்தான். முன்னோர்கள் சாமிக்கு நாள் குறிக்கும்போது வேளாண்மையைப் பார்த்துக் குறித்தார்கள். பிறப்பும் இறப்பும் மனிதன் குறித்து வருவதில்லை. ஆனால் கார்த்திகைக் களையெடுப்பில் நிற்கும் பெண்ணை எட்டயபுரத்துக்கு வரச் சொல்லிவிட்டு, அவளுக்குப் பாரதி மேல் பற்றில்லை என்று முடிவுகட்டுவது தவறான ஆராய்ச்சி.

இந்த வாதத்துக்கு வலுவான சான்று பாஞ்சாலங்குறிச்சி. அங்கே வீரசக்கதேவி ஆலயத் திருவிழா மே மாதத்தில் நடக்கிறது. பல ஊர்களிலிருந்து இளைஞர்கள் சுடர் ஏந்தி ஓட்டமாக வருகிறார்கள், குடும்பம் குடும்பமாக வேன் கட்டிக்கொண்டு வருகிறார்கள். 1801 போருக்குப் பின் கும்பினிக்காரர்கள் இடித்துத் தரைமட்டமாக்கிய ஒரு மேடு அந்த நாட்களில் மட்டும் நிஜமான கோட்டையாகிவிடுகிறது. பக்கத்தில் இருக்கும் நினைவுக் கோட்டைக்குள்ளும் கூட்டம் நுழைந்து சுவரோவியங்களைப் பார்க்கிறது. வட்டாரத்தின் வரலாற்று விழாக்களில் ஆயிரக்கணக்கானோர் தாமாக வரும் விழா இது என்றால், அதற்குச் சாமி ஒரு காரணம், காடு ஓய்ந்த காலம் இன்னொரு காரணம்.

அதே விழாவில்தான் நம் சிக்கலும் தெரிகிறது. பல ஆண்டுகளாக இந்தத் திருவிழாவையொட்டி மாவட்ட நிர்வாகம் தடை உத்தரவு பிறப்பிப்பது வழக்கமாகிவிட்டது. வாகனங்களுக்குக் கட்டுப்பாடு, வழியெங்கும் போலீஸ். இந்தத் தென்மாவட்டங்களில் ஒவ்வொரு தலைவர் பெயரோடும் ஒரு சாதியின் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒருவர் மணிமண்டபத்துக்கு அடுத்த சாதிக்காரர் மாலை நாளில் போவது குறைந்துகொண்டே வருகிறது. கட்டபொம்மனுக்காக உயிர் கொடுத்த வெள்ளையத்தேவனும் சுந்தரலிங்கமும் ஒரே படையில் நின்றவர்கள். இன்று அவர்கள் நினைவு நாட்களில் நிற்கும் கூட்டங்கள் தனித்தனி. மணிமண்டபம் ஒரு மனிதரைக் கொண்டாடும் அமைப்பு என்பதால், அந்த மனிதருக்கு உரிமை கோருகிறவர்கள் வசம் அது போய்விடுவது எளிது. உரலுக்கும் திருகைக்கும் தீப்பெட்டிக் கட்டைக்கும் அப்படி உரிமை கோர முடியாது. எனவே இந்த வட்டாரத்துக்குப் பொருள்களையும் தொழில்களையும் நடுவில் வைத்த ஊர் வரலாற்றுக் கூடுகைகள் வேண்டும் என்பது என் முடிவு. தலைவர்களை விட்டுவிடச் சொல்லவில்லை. அவர்களோடு எல்லாரும் உட்காரக்கூடிய வேறொரு திண்ணையும் தேவை என்கிறேன்.

பிற இடங்களில் நடந்ததைப் பார்க்கலாம். நெல்லை அரசு அருங்காட்சியகம் 1993-இல் தொடங்கியது. பாளையங்கோட்டையில் இருக்கும் அது கைவினைப் பயிற்சி, ஓவியப் போட்டி, கண்காட்சி, மாணவர் பயிலரங்கு என்று ஆண்டு முழுவதும் ஏதாவது நடத்திக்கொண்டிருக்கிறது. கட்டடம் பெரிதில்லை, கைவசம் உள்ள பணமும் பெரிதில்லை. காப்பாட்சியர் மனது வைத்தால் ஓர் அரசு அலுவலகம் எவ்வளவு உயிரோடு இருக்க முடியும் என்பதற்கு அது நல்ல சாட்சி. அதிலும் குறை உண்டு: வருகிறவர்கள் பெரும்பாலும் நகரத்துப் பள்ளிப் பிள்ளைகளும் அவர்கள் பெற்றோரும். கோவில்பட்டிக்கு வடக்கே உள்ள ஒரு காட்டூர்க்காரருக்குப் பாளையங்கோட்டை ஒரு நாள் கூலியும் பஸ் செலவும்.

கடல் தாண்டி ஓர் உதாரணம் நமக்கு இன்னும் நெருக்கமானது. இலங்கையில் கம்பளைக்கு அருகே மலையகத் தோட்டத் தொழிலாளர்களுக்கென்று ஒரு அருங்காட்சியகம் 2007-இல் தொடங்கப்பட்டது. பழைய லயத்து அறைகளிலேயே அது இருக்கிறது. தொழிலாளர் வீடுகளிலிருந்து வந்த பாத்திரம், விளக்கு, கொழுந்துக் கூடை, பழைய ஆவணங்கள் காட்சிப் பொருள்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பஞ்சம் துரத்தி நம் வறண்ட மாவட்டங்களிலிருந்து கப்பலேறிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் செய்த வேலை இது. தாம் குடியிருந்த அறையே காட்சிக்கூடம் ஆகும்போது, பார்க்க வரும் தொழிலாளிக்கு விளக்கம் சொல்ல ஆள் தேவையில்லை. அவரே பக்கத்தில் நிற்பவருக்குச் சொல்லத் தொடங்கிவிடுவார்.

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் கறுப்பின மக்கள் வாழும் அனகோஸ்தியா பகுதியில் 1967-இல் ஒரு சிறு அருங்காட்சியகம் திறந்தார்கள். அந்த மக்களின் வீடுகளில் அப்போது பெருந்தொல்லை எலி. 1969-இல் அருங்காட்சியகம் எலியைப் பற்றியே ஒரு கண்காட்சி வைத்தது. வரலாறு என்று நாம் நினைக்கும் எதுவும் அதில் இல்லை. மக்களுக்கு அன்றாடம் வலிக்கும் ஒன்றை எடுத்து, அது எப்படி வந்தது, யார் பொறுப்பு என்று பேசியது. நம் ஊரில் அப்படி ஒரு கண்காட்சிக்குப் பொருள் தேட வேண்டியதில்லை. குடிநீர் இருக்கிறது. ஊருணி, கிணறு, தெருக்குழாய், லாரி, தாமிரபரணித் தண்ணீர் வந்த கதை என்று கோவில்பட்டியின் நூறாண்டை ஒரு குடத்தை வைத்துக்கொண்டு சொல்லிவிடலாம். ஒவ்வொரு தெருவும் வந்து தன் பங்கைச் சொல்லும்.

தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் இருக்கும் ‘மாவட்டம் ஆறு’ அருங்காட்சியகத்தை நான் தனியாகச் சொல்ல வேண்டும். 1966-இல் அந்தப் பகுதியை வெள்ளையருக்கு மட்டுமானது என்று நிறவெறி அரசு அறிவித்து, ஏறத்தாழ 60,000 பேரை அப்புறப்படுத்தியது. 1994-இல் அங்கே ஓர் அருங்காட்சியகம் உருவானபோது தரையில் பழைய தெருக்களின் பெரிய வரைபடத்தை விரித்தார்கள். வெளியேற்றப்பட்டவர்கள் வந்து, தம் வீடு இருந்த இடத்தில் தம் பெயரைத் தாமே எழுதினார்கள். காட்சிப் பொருளும் அதுவே, கூடுகையும் அதுவே.

தம் பெயரைத் தாமே பொறிப்பது நமக்கும் பழக்கமானதுதான். கழுகுமலைப் பாறையில் எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளில் செதுக்கிய சமணத் திருமேனிகளுக்குக் கீழே வட்டெழுத்தில் பெயர்கள் இருக்கின்றன. இன்ன ஊரைச் சேர்ந்த இன்னார் செய்வித்தது என்று எழுதியிருக்கிறது. அவர்களில் தச்சர் உண்டு, ஆசிரியர்கள் உண்டு, குரத்தியர் என்று சொல்லப்பட்ட பெண் ஆசிரியர்களும் உண்டு. அரசன் பெயர் மட்டும் தாங்கிய பாறையாக இருந்திருந்தால் இத்தனை ஊர்ப்பெயர்கள் நமக்குக் கிடைத்திருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த ஊர்களின் இன்றைய வாரிசுகளை வரவழைத்து, கல்வெட்டு படிக்கத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு பெயராகப் படித்துக் காட்டினால் எப்படி இருக்கும்? செலவு ஒரு ஒலிபெருக்கியும் மோர்ப்பந்தலும்தான்.

2022-இல் பிராகாவில் கூடிய உலக அருங்காட்சியகங்கள் அவை, அருங்காட்சியகத்துக்குப் புதிய வரையறை ஏற்றபோது சமூகங்களின் பங்கேற்பை அதற்குள் சேர்த்தது. உலகம் இப்போது வந்து சேர்ந்த இடத்துக்குக் கயத்தாற்றின் கல் குவியல் எப்போதோ வந்துவிட்டது.

இனி, இங்கே என்ன செய்யலாம்.

கோவில்பட்டி என்றால் முதலில் தீப்பெட்டி. குச்சி அடுக்குவது, மருந்து முக்குவது, பெட்டி ஒட்டுவது, லேபிள் ஒட்டுவது என்று கையால் நடந்த வேலைகள் ஒவ்வொன்றாக எந்திரத்துக்குப் போய்விட்டன. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பெட்டி ஒட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்த பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பிள்ளைகளாகவே தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸில் விடியுமுன் ஏற்றப்பட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இப்போது ஐம்பது, அறுபது வயது. லேபிள் சேகரிக்கிறவர்கள் உலகமெங்கும் உண்டு, கோவில்பட்டி, சிவகாசி லேபிள்களுக்கு அங்கே மதிப்பும் உண்டு. அந்த லேபிளை ஒட்டிய கைக்கு என்ன நேர்ந்தது என்பதை யாரும் சேகரிக்கவில்லை. ஒரு தீப்பெட்டி நாள் நடத்த வேண்டும். கட்டை, சட்டம், பசைத்தட்டு, கூலி நோட்டு, பழைய லேபிள் எல்லாம் வீடுகளிலிருந்து வரட்டும். யார் கொண்டுவந்தாலும் அதன் பெயர், அதை என்ன செய்வார்கள், எந்த வருஷம் என்று எழுதிக்கொள்ள வேண்டும். விபத்துகளையும் குழந்தை உழைப்பையும் பேசாமல் அந்த நாள் முடியக் கூடாது.

அந்தப் பெண்களுக்கு எந்த நேரம் ஒழியும்? கூலி வேலையில் மணிக்கணக்கே காசு. சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு விடுமுறை. ஞாயிறு காலை துணி துவைக்கவும் தண்ணீர் பிடிக்கவும் போய்விடும். ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல்தான் அவர்கள் மனிதர்களாக உட்காரும் நேரம். அந்த நேரத்தில் நம் நினைவிடங்களில் பூட்டுப் போட்டுவிடுகிறார்கள். இந்த ஒரு பூட்டைத் திறந்தாலே பாதி வேலை முடிந்ததாகச் சொல்வேன்.

அடுத்தது, மக்கள் கூடும் இடத்துக்கு அருங்காட்சியகம் போவது. எட்டயபுரம் ஆட்டுச்சந்தை தென்மாவட்டங்களில் பேர் போனது. சனிக்கிழமை விடியும்போது சுற்றுவட்டாரத்துச் சம்சாரிகளும் கீதாரிகளும் வியாபாரிகளும் அங்கே இருப்பார்கள். பாரதி பிறந்த வீடும் அந்த ஊரில்தான். சந்தை முடிந்து திரும்புகிறவர்களில் எத்தனை பேர் அந்த வீட்டுக்குள் கால் வைக்கிறார்கள்? அங்கிருந்து ஒரு மேசையையும் நாலு படங்களையும் சந்தைக்குக் கொண்டுபோய் வைத்து, ஆட்டு இனங்களைப் பற்றி, கிடை போடுவதைப் பற்றி, மேய்ச்சல் தரை காணாமல்போனதைப் பற்றிக் கேட்டு எழுதினால் அதுவே ஒரு நிகழ்ச்சி. கி.ரா.வின் ‘கிடை’ குறுநாவலைப் படித்தவர்களுக்கு அந்தச் சந்தையில் எவ்வளவு வரலாறு நடமாடுகிறது என்று சொல்ல வேண்டியதில்லை.

கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 1901-இல் தொடங்கியது. நூற்றிருபது ஆண்டுகளைத் தாண்டிய இடம். கருங்கண்ணிப் பருத்தி முதல் ‘கே’ என்ற எழுத்தோடு வெளியான சோள ரகங்கள் வரை கரிசலின் பயிர் வரலாறு அங்கே இருக்கிறது. சம்சாரிகள் தயங்காமல் போகும் அரசு இடமும் அது. விதை வாங்கப் போகும் ஆவணி மாதத்தில், ஊர்களில் இன்னும் மிஞ்சியிருக்கும் பழைய விதைகளையும் குலுக்கை, ஓலைப்பெட்டி, படி, நாழி போன்ற சேமிப்பு, அளவைச் சாமான்களையும் கொண்டுவரச் சொல்லி ஒரு நாள் வைக்கலாம். ஐம்பது வயதுக்குக் கீழ் இருப்பவர்களில் பலர் குலுக்கையைக் கண்ணால் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் சொல்லாமலே போய்விட்டால், அது மண்ணால் செய்த பாத்திரமா, கட்டடமா என்றுகூட அடுத்த தலைமுறைக்குத் தெரியாது.

கோடையில் ஆண்டுதோறும் அகில இந்திய ஹாக்கிப் போட்டி நடக்கும் ஊர் இது. பல மாநில அணிகள் வரும், ஊரே மைதானத்தில் இருக்கும். வெறும் மண் தரையில் விளையாடிப் பழகிய ஊர் இன்று செயற்கை இழைத் தரையில் தேசிய வீரர்களை உருவாக்குகிறது. பழைய மட்டைகள், அணிப் படங்கள், தோல் பந்துகள் வீடுகளில் தூங்குகின்றன. போட்டி நடக்கும் பத்து நாளும் அரங்க வாசலில் அவற்றை வைத்தால் பார்க்க ஆள் தேட வேண்டாம். இசைக்கும் இதே கதைதான். நாதஸ்வர மேதை காருகுறிச்சி அருணாசலம் கோவில்பட்டியில் வாழ்ந்து 1964-இல் மறைந்தவர். விளாத்திகுளம் சுவாமிகள் மறைந்தது 1965-இல். அவர்கள் கச்சேரியைக் கோவில் வாசலில் உட்கார்ந்து நேரில் கேட்டவர்கள் இன்று எண்பதைக் கடந்தவர்கள். செண்பகவல்லி அம்மன் கோவில் பங்குனித் திருவிழாவில் ஒரு மாலை அவர்களைப் பேசவைத்துப் பதிவு செய்துகொள்ள இன்னும் சில ஆண்டுகளே அவகாசம்.

இவை எல்லாம் இனிமையானவை. இனிக்காததையும் சொல்ல வேண்டும். கழுகுமலையில் 1895-இல் தேரோடும் வீதியை முன்னிட்டு ரத்தம் சிந்தியது. 1995 ஆகஸ்ட் 31-இல் ஓட்டப்பிடாரம் வட்டத்துக் கொடியங்குளத்தில் தலித் மக்களின் வீடுகளுக்குள் போலீஸ் புகுந்து செய்த அழிவை இந்த வட்டாரத்தில் யாரும் மறக்கவில்லை. பூமணி ‘அஞ்ஞாடி’யில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கலவரங்களை எழுதினார், 2014-இல் சாகித்திய அகாதெமி விருது வந்தது. உருளைக்குடியைச் சேர்ந்த சோ. தர்மன் கண்மாய் அழிந்த கதையைச் ‘சூல்’ நாவலில் எழுதினார், 2019-இல் விருது வந்தது. நம் வட்டாரத்தில் கசப்பான வரலாற்றை இதுவரை தாங்கி நிற்பது நாவல்தான். நினைவிடங்கள் அந்தப் பாரத்தில் ஒரு பங்கைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. முதல் கூடுகையிலேயே இதைத் தொடச் சொல்லவில்லை. விதையும் தீப்பெட்டியும் தண்ணீரும் பேசிப் பழகிய இடத்தில், சில ஆண்டுகளுக்குப் பிறகு, இதையும் பேச முடியும். பேசத் துணிந்த கேப்டவுனுக்கும் காயம் நம்மைவிடச் சிறியதில்லை.

தடைகள் உண்மையானவை. கரிசல் ஒரே நிலம். ஆனால் விருதுநகர், தூத்துக்குடி, தென்காசி என்று மூன்று மாவட்டங்களில் பிரிந்து கிடக்கிறது. 1985, 1986, 2019 ஆகிய ஆண்டுகளில் பிறந்த இந்த மாவட்டங்களுக்கு முன்பே இந்த மண்ணின் வாழ்க்கை ஒன்றாக இருந்தது. வெம்பக்கோட்டை அகழாய்வு 2022-இல் தொடங்கியது விஜயகரிசல்குளத்தில். சங்கு வளையலும் ஆட்டக்காயும் சுடுமண் பொருள்களும் அங்கே கிடைத்தன. கோவில்பட்டிக்குப் பக்கம்தான், ஆனால் மாவட்டம் வேறு, எனவே பள்ளிச் சுற்றுலாப் பட்டியல் வேறு. அந்தக் குழிகளில் தினக்கூலிக்குத் தூரிகையும் கொத்தும் பிடித்த உள்ளூர்ப் பெண்களே அதற்குச் சிறந்த வழிகாட்டிகள். அவர்களைக் கண்காட்சிக்கு அழைத்துப் பேசவைக்கத் துறை அனுமதி ஒன்று போதும். இதில் பழைய அகழாய்வு இடமான ஆதிச்சநல்லூர் நமக்கு ஒரு பாடமும் கூட. 1876-இல் ஆய்வாளர் யாகோர் தோண்டியது பெர்லினுக்குப் போயிற்று. 1899 முதல் 1905 வரை தொல்லியலாளர் ரீ தோண்டியது சென்னைக்குப் போயிற்று. உள்ளூர்க்காரர்கள் விடாமல் கேட்டுக்கேட்டு, 2023 ஆகஸ்டில்தான் பறம்பின் மேலேயே ஒரு காட்சிக்கூடம் திறந்தது. கேட்டால் கிடைக்கிறது, வெகு தாமதமாகக் கிடைக்கிறது.

இன்னொரு தடை, பொருள்களை வாங்கி வைக்கிறவர்கள் மீதுள்ள அவநம்பிக்கை. பழைய பித்தளையையும் மரத்தூணையும் எடைக்கு வாங்கிப் போய்ப் பெரிய ஊர்களில் அலங்காரத்துக்கு விற்கிறார்கள் என்று கிராமத்தில் எல்லாருக்கும் தெரியும். அதனால் சாமானைக் கேட்டு வாங்காமல், ஒரு நாளைக்கு இரவல் வாங்கி, படமெடுத்து, விவரம் எழுதி, ரசீதோடு திருப்பிக் கொடுப்பதே நல்ல தொடக்கம். சிங்கப்பூரில் 2015-இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையத்தின் காட்சிகளிலும் குடும்பங்கள் கொடுத்தவையும் இரவல் தந்தவையும் பல. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அங்கே நடக்கும் நிகழ்ச்சிகளுக்குத் தம் வீட்டுப் பொருளைப் பார்க்கவே வருகிற குடும்பங்களை அந்த நகரம் பெற்றிருக்கிறது.

இத்தனைக்கும் புதுக் கட்டடம் எதுவும் தேவையில்லை. கோவில்பட்டியில் கி.ரா. நினைவரங்கம் இருக்கிறது. மக்களிடம் கேட்டு எழுதியே ஆயுளைக் கழித்தவர் பெயரில் உள்ள அந்த இடத்தை, பங்குனி முதல் ஆவணி வரை மாதம் ஒரு ஞாயிறு மாலை மட்டும் இரவு எட்டு மணி வரை திறந்து வைக்கும்படி மாவட்ட நிர்வாகத்தையும் நகராட்சியையும் கேட்டுக்கொள்கிறேன். ஒரு மாதம் தண்ணீர், ஒரு மாதம் தீப்பெட்டி, ஒரு மாதம் விதை என்று பொருள் குறித்து, ஊருக்குத் தண்டோரா போட்டுச் சொல்ல வேண்டும். வருகிறவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ளக் கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர், ஒரு பெரிய பதிவேடு, ஒரு கேமரா போதும்.

அதற்கு அனுமதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். இதைப் படிக்கிற கரிசல்காட்டுக்காரர்கள், வருகிற கோடையில் ஊர்க் கொடைக்குப் போகும்போது, வீட்டுப் பரணில் கிடப்பதை இறக்கி, அது என்ன, யார் புழங்கியது, எந்த வருஷம் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, ஒரு நோட்டில் எழுதிக் கீழே அவர்கள் பெயரையும் ஊரையும் போட்டு வையுங்கள்.